வீட்டுக் கணினிக்குள் ஓர் ஒற்றன்

நுழையும்முன்

வீட்டைப் பூட்டிய பின்னும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நம் வழக்கம். வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள், தேர்வு விண்ணப்பங்கள், நண்பருக்கு எழுதிய மடல்கள் ஆகிய அனைத்தும் இன்று கணினிக்குள் இருக்கின்றன. அதன் பூட்டை இழுத்துப் பார்ப்பது எவ்வாறு? உளவு மென்பொருளைத் தடுப்பதற்கெனத் தனியே ஒரு மென்பொருளை வாங்கி வீட்டுக் கணினியில் நிறுவுவது தேவைதானா? இக்கேள்வியை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஐயுறாத் தோற்றம்

பகைவரின் நிலையை அறிந்துவர ஒற்றரை அனுப்புவது பண்டைய அரசியலில் ஏற்கப்பட்ட முறை. திருக்குறளின் பொருட்பாலில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே அதற்கென அமைந்துள்ளது. காண்போர் ஐயம் கொள்ளாத தோற்றம் ஒற்றனுக்கு வேண்டும் என்கிறார் வள்ளுவர். இன்றைய கணினி ஒற்றனுக்கும் இவ்விலக்கணம் அப்படியே பொருந்துகிறது. அவன் இலவச விளையாட்டாக வருவான்; பாடல் கேட்கும் செயலியாக வருவான்; தட்பவெப்பம் காட்டும் சிறு சாளரமாக வருவான். விலையுயர்ந்த மென்பொருளின் பூட்டை உடைத்துத் தரும் ‘கிராக்’ கோப்பாக வருவதே இவற்றுள் மிகுதி. அன்றைய ஒற்றன் அரண்மனையை உளவறிந்தான். இவனுக்கு நம் வீட்டுக் கூடமே போதும்.

கணினியின் உரிமையாளர் அறியாமல், அல்லது அவர் முழுமையாக உணராத ஓர் ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு, அவரைப் பற்றிய தகவல்களைத் திரட்டிப் பிறருக்கு அனுப்பும் நிரலே உளவு மென்பொருள் ஆகும். நச்சுநிரல் எனப்படும் வைரஸிலிருந்து இதன் போக்கு வேறானது. நச்சுநிரல் தன்னைப் பெருக்கிக்கொள்ளும், கோப்புகளைச் சிதைக்கும், தன் வரவைப் பல வேளைகளில் தானே காட்டிக் கொடுத்துவிடும். உளவு மென்பொருளோ, குடிபுகுந்த கணினி நலமாக இயங்க வேண்டும் என்று விரும்பும். கணினி பழுதுபட்டால் செய்தி வருவது நின்றுபோகும் அல்லவா?

இவ்வகை மென்பொருள்கள் அனைத்தும் ஒரே அளவு தீங்குடையவை அல்ல. நாம் காணும் வலைத்தளங்களைக் குறித்துக்கொண்டு அதற்கேற்ப விளம்பரங்களைத் திணிப்பவை ஒரு வகை. உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் நம்மைக் கேளாமல் மாற்றுபவை இன்னொரு வகை. விசைப்பலகையில் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் பதிந்துகொள்பவை இவற்றினும் கொடியவை. கடவுச்சொல் திரையில் வெறும் புள்ளிகளாகத் தோன்றினாலும் விரல் அழுத்திய விசை அவற்றுக்குத் தெரியும். உலாவியில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களையும் குக்கிகளையும் ஒட்டுமொத்தமாக அள்ளிச் செல்லும் தகவல் திருடிகள் இன்று முன்னணியில் நிற்கின்றன. அவற்றைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

தனி மென்பொருள் தேவைப்பட்ட காலம்

உளவு மென்பொருளைக் குறிக்கும் ‘ஸ்பைவேர்’ என்னும் சொல் 1995ஆம் ஆண்டு இணையக் கலந்துரையாடல் ஒன்றில் கேலியாகத் தோன்றியது. இன்றைய பொருளில் அது பரவியது 2000ஆம் ஆண்டையொட்டித்தான். அமெரிக்க நிரலாளர் ஸ்டீவ் கிப்சன், தம் கணினியில் புகுந்திருந்த விளம்பர நிரல் ஒன்று தாம் அறியாமலேயே வெளியே தொடர்பு கொள்வதைக் கண்டறிந்தார். அதனை நீக்குவதற்காக அவர் எழுதிய ‘ஆப்ட்அவுட்’ என்னும் சிறு நிரல், உளவுத் தடுப்பு மென்பொருள்களின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ‘ஆட்-அவேர்’, ‘ஸ்பைபாட்’ ஆகியவை அதே காலத்தில் உலகெங்கும் பரவின. இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் கணினி வைத்திருந்தோர் பலர் இவ்விரண்டையும் வாரம் ஒருமுறை இயக்கிப் பார்ப்பதைக் கடமையாகவே கொண்டிருந்தனர்.

நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் ஏற்கெனவே இருக்கும்போது உளவுத் தடுப்புக்கெனத் தனியே ஒன்று ஏன் தேவைப்பட்டது? விடை தொழில்நுட்பத்தைவிடச் சட்டத்தையே மிகுதியும் சார்ந்தது. விளம்பர நிரல்கள் திருட்டுத்தனமாக நுழையவில்லை. இலவச மென்பொருளோடு சேர்ந்து, பல பக்க ஒப்பந்தம் ஒன்றைக் காட்டி, ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தச் செய்த பின்னரே நுழைந்தன. ஒப்பந்தத்தை எவரும் படிப்பதில்லை என்பது அவற்றை எழுதியோருக்கு நன்கு தெரியும். ஆயினும் ஒப்புதல் என்பது ஒப்புதலே. எனவே அவற்றைத் தீங்கு என்று முத்திரை குத்த நச்சுநிரல் தடுப்பு நிறுவனங்கள் தயங்கின. முத்திரை குத்தியோர் மீது வழக்குகளும் பாய்ந்தன. அவர்கள் தயங்கி நின்ற இடைவெளியில்தான் உளவுத் தடுப்பு மென்பொருள்கள் வளர்ந்தன.

அந்த இடைவெளி நெடுநாள் நீடிக்கவில்லை. 2004 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம், உளவுத் தடுப்பு மென்பொருள் உருவாக்கிய ஜயன்ட் என்னும் சிறு நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. அந்த மென்பொருளின் சோதனைப் பதிப்பு 2005 ஜனவரியில் இலவசமாக வெளியாயிற்று. பின்னர் அது ‘விண்டோஸ் டிஃபென்டர்’ எனப் பெயர் மாறி, விஸ்டா இயங்குதளத்துடன் இணைந்தே வந்தது. 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல் அதே டிஃபென்டர், நச்சுநிரல், உளவு மென்பொருள் ஆகிய இரண்டையும் தடுக்கும் முழுமையான காவலனாக இயங்குதளத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. மறுபுறம், நச்சுநிரல் தடுப்பு நிறுவனங்களும் தம் தயக்கத்தைக் கைவிட்டன. இன்று கடையில் ‘உளவுத் தடுப்பு’ என்ற பெயருடன் விற்பதற்கும் ‘நச்சுநிரல் தடுப்பு’ என்ற பெயருடன் விற்பதற்கும் பெரும்பாலும் அட்டையில்தான் வேறுபாடு.

ஆகவே, ‘தனியே ஒன்றை நிறுவுக’ என்னும் அறிவுரை அதன் காலத்தில் முற்றிலும் சரியானதே. காலம் மாறிய பின்னும் அறிவுரை மாறாமல் வாய்மொழியாக வழங்கிவருகிறது. அதை நினைவூட்டி வணிகம் செய்வோரும் உள்ளனர்.

இசைத்தட்டில் வந்த ஒற்றன்

உளவு மென்பொருள் எப்போதும் இருட்டுச் சந்தையிலிருந்தே வரும் என்று எண்ணுதல் கூடாது. 2005ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்று.

அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள், மார்க் ருசினோவிச் என்னும் கணினி வல்லுநர் வியப்பூட்டும் செய்தி ஒன்றை வெளியிட்டார். மறைந்திருக்கும் நிரல்களைக் கண்டறிய அவர் ஒரு கருவியை உருவாக்கியிருந்தார். அதைத் தம் சொந்தக் கணினியில் சோதித்தபோது, இயங்குதளத்தின் கண்ணுக்கே படாதவாறு சில கோப்புகள் ஒளிந்திருப்பதைக் கண்டார். அவை எங்கிருந்து வந்தன என்று தேடிச் சென்றவர், கடைசியில் தாம் கடையில் பணம் கொடுத்து வாங்கிய இசைத்தட்டு ஒன்றில் வந்து நின்றார். சோனி பிஎம்ஜி நிறுவனம், தன் இசைத்தட்டுகளைப் படியெடுப்பதைத் தடுப்பதற்காக அந்நிரலை அவற்றில் வைத்திருந்தது. இசைத்தட்டைக் கணினியில் இட்டுக் கேட்க முயன்றவுடன் அது தன்னைத்தானே ஆழமாக நிறுவிக்கொண்டது. எந்த இசைத்தட்டு இயங்குகிறது என்ற செய்தியையும் நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பியது. 52 இசைத்தட்டுத் தலைப்புகளில் அது இடம்பெற்றிருந்தது.

இதில் இன்னொரு தீங்கும் இருந்தது. ஒரு குறிப்பிட்ட முன்னொட்டுடன் தொடங்கும் எந்தக் கோப்பையும் அந்நிரல் மறைத்துவிடும். செய்தி வெளியான சில நாள்களிலேயே, நச்சுநிரல் எழுதுவோர் தம் கோப்புகளுக்கு அதே முன்னொட்டைச் சூட்டி அதன் நிழலில் ஒளிந்துகொண்டனர். அதனை நீக்குவதற்கென நிறுவனம் அளித்த கருவியோ கணினியில் புதியதொரு ஓட்டையைத் திறந்துவிட்டது. எதிர்ப்பு வலுத்ததால் நவம்பர் மாதத்திலேயே இசைத்தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வழக்குகளும் இழப்பீடுகளும் தொடர்ந்தன.

இந்நிகழ்வில் நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி ஒன்று உண்டு. அந்த இசைத்தட்டுகள் பல மாதங்கள் விற்பனையில் இருந்தன. வாங்கியோர் பலரின் கணினிகளில் கட்டணம் செலுத்திப் பெற்ற பாதுகாப்பு மென்பொருள்களும் இருந்திருக்கும். அவை வாய் திறக்கவில்லை. பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரையுடன் வந்த ஒற்றனைக் காவலர் தடுத்து நிறுத்தவில்லை.

காவலன் எவ்வாறு காண்கிறான்?

உளவுத் தடுப்பு மென்பொருள் இயங்கும் முறையை அறிந்தால் அதன் வலிமையும் எல்லையும் தாமே விளங்கும். காவல் நிலையச் சுவரில் ஒட்டப்பட்ட குற்றவாளிகளின் படங்களை ஒத்தது முதல் முறை. ஏற்கெனவே பிடிபட்ட தீய நிரல்களின் அடையாளக் குறிகள் ஒரு பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு கோப்பும் அதனோடு ஒப்பிடப்படும். பழைய குற்றவாளியைப் பிடிக்க இது சிறந்தது. இன்று காலை பிறந்த நிரலை இது அறியாது. இரண்டாவது, நடத்தையைக் கவனித்தல். படம் பார்க்கும் செயலி ஒன்று உலாவியின் கடவுச்சொல் கிடங்கைத் திறக்க முயன்றால் அது ஐயத்துக்குரியது. மூன்றாவதாக, ஐயத்துக்குரிய கோப்பின் விவரத்தைத் தொலைவிலுள்ள சேவையகத்துக்கு அனுப்பி, உலகில் வேறெங்கேனும் அது தீங்கு செய்துள்ளதா என்று நொடிப்பொழுதில் கேட்டறிவதும் இன்று இயல்பாகிவிட்டது.

இம்மூன்றும் சேர்ந்தாலும் வலையில் கண்கள் உண்டு. பாதுகாப்பு மென்பொருள் உலகின் மூத்த நிறுவனங்களுள் ஒன்றான சைமன்டெக்கின் உயர் அலுவலர் ஒருவர், நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் தாக்குதல்களுள் ஏறத்தாழ 45 விழுக்காட்டையே பிடிக்கிறது என்று 2014ஆம் ஆண்டு நாளிதழ் ஒன்றிடம் வெளிப்படையாகக் கூறினார். விற்பவரே அவ்வாறு கூறியது அன்று பெரும் பேச்சாயிற்று. அதன்பின் கருவிகள் மேம்பட்டுள்ளன. ஆயினும் எதிரில் இருப்போரும் சும்மா இருக்கவில்லை.

இங்குத்தான் முன்னர்க் குறிப்பிட்ட தகவல் திருடிகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. பழைய உளவு மென்பொருள் ஒரு கணினியில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தது. ஆகவே வாரம் ஒருமுறை தேடிக் களைவதிலும் பொருள் இருந்தது. தகவல் திருடிகளோ தங்குவதில்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், அட்டை விவரங்கள், குக்கிகள் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் திரட்டி அனுப்பிவிட்டு, அவற்றுட் பல தம் தடத்தையும் அழித்துக்கொள்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நாம் செய்யும் சோதனையில் எதுவும் அகப்படாது. செவ்வாய்க்கிழமையே எல்லாம் போய்விட்டது.

குக்கி என்பதும் எளிதாக எண்ணத்தக்கதன்று. ஒருமுறை கடவுச்சொல் தந்து மின்னஞ்சலுக்குள் நுழைந்த பின் ஒவ்வொரு முறையும் நம்மிடம் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லையே, ஏன்? ‘இவர் ஏற்கெனவே நுழைந்தவர்’ என்பதற்கான சீட்டு உலாவியில் குக்கியாக இருப்பதனால்தான். அந்தச் சீட்டைத் திருடியவர் அதைத் தம் உலாவியில் வைத்துக்கொண்டால் பல வேளைகளில் கடவுச்சொல்லும் வேண்டா, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் வேண்டா. நேராக உள்ளே செல்லலாம். ‘லுமா’ என்னும் தகவல் திருடியால் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதங்களில் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அந்நிறுவனமும் பல நாட்டுக் காவல் அமைப்புகளும் இணைந்து அதன் வலைப்பின்னலை முடக்க வேண்டியதாயிற்று.

அது கணினிக்குள் நுழைந்த வழிகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. ‘நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிசெய்க’ என்று ஒரு பக்கம் தோன்றும். வழக்கமான படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ விசையையும் சேர்த்து அழுத்துக, பிறகு ஒட்டுக, பிறகு ‘என்டர்’ அழுத்துக என்று அது பணிக்கும். அப்பணியைச் செய்பவர் தம் கையாலேயே ஒரு தீய கட்டளையைக் கணினிக்கு இடுகிறார். உரிமையாளரே கதவைத் திறந்து, ‘இவர் எனக்கு வேண்டியவர்’ என்று கூறி அழைத்துவரும்போது வாயிற்காவலன் என்ன செய்வான்? உண்மையான எந்த வலைத்தளமும், மனிதரா என்று அறிவதற்கு விசைப்பலகையில் கட்டளை ஒட்டச் சொல்வதில்லை. இந்த ஒரு செய்தியை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருப்பது, விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்றுக்குச் சற்றும் குறைந்த காப்பன்று.

காவலனே கள்வனானால்

தடுப்பு மென்பொருளை நிறுவுவதால் இழப்பு ஒன்றுமில்லையே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். அவ்வாறு எளிதாகக் கூறிவிட இயலவில்லை.

முதலாவதாக, போலிகள் உள்ளன. வலைத்தளம் ஒன்றைக் காணும்போது திடீரென ஒரு சாளரம் மேலெழும். சிவப்பு எழுத்துகள் மின்னும். ‘உங்கள் கணினியில் 37 உளவு நிரல்கள் உள்ளன’ என்று அச்சுறுத்தும். உண்மையில் அது எதையும் சோதித்திருக்காது. பணம் கட்டினால் நீக்கித் தருவதாகக் கூறும். பணம் கட்டினால் எச்சரிக்கை மட்டும் மறையும். ‘வின்ஃபிக்சர்’ முதலிய பெயர்களில் இவ்வாறு போலி மென்பொருள்களை விற்ற கூட்டத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2008இல் வழக்குத் தொடுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாற்றப்பட்டதாக ஆணையம் கூறியது. 2012இல் நீதிமன்றம் 16 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்தத் தீர்ப்பளித்தது. உளவு மென்பொருள் குறித்த அச்சமே உளவு மென்பொருளைவிட நல்ல வணிகமாக இருந்தது போலும்!

இரண்டாவது நிகழ்வு போலியைப் பற்றியதன்று. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய, நற்பெயர் பெற்ற அவாஸ்ட் என்னும் தடுப்பு மென்பொருளைப் பற்றியது. இதன் இலவசப் பதிப்பையும் உலாவி நீட்சியையும் பயன்படுத்தியோர் எந்தெந்த வலைப்பக்கங்களைக் கண்டனர் என்ற விவரம் திரட்டப்பட்டு, ‘ஜம்ப்ஷாட்’ என்னும் துணை நிறுவனத்தின் வழியாகப் பிற நிறுவனங்களுக்கு விற்கப்பட்டதை 2020 ஜனவரியில் இதழாளர்கள் வெளிப்படுத்தினர். சில நாள்களில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. மேற்கூறிய அதே ஆணையம், 2024இல் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டுமெனவும், உலாவல் விவரங்களை விளம்பரத்துக்காக விற்கக் கூடாதெனவும் நடவடிக்கை எடுத்தது. பிறர் நம்மைப் பின்தொடராமல் காப்போம் என்று உறுதியளித்தவரே பின்தொடர்ந்து விற்றார் என்பதே குற்றச்சாட்டு.

மூன்றாவது காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. எல்லாக் கோப்புகளையும் காண வேண்டுமாயின் எல்லா அறைகளின் சாவியும் காவலனிடம் இருந்தாக வேண்டும். எனவே பாதுகாப்பு மென்பொருள் இயங்குதளத்தின் ஆழத்தில் மிகுந்த அதிகாரத்துடன் இயங்குகிறது. அதில் பிழை நேர்ந்தால் விளைவும் அதற்கேற்பப் பெரிது. 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. பல நாடுகளில் வானூர்திப் பயணங்கள் தடைபட்டன. அது நிறுவனங்களுக்கான மென்பொருள்தான்; வீட்டுக் கணினிகள் தப்பின. ஆயினும், கூடுதலாக நிறுவும் ஒவ்வொரு காவலனும் கூடுதலாக ஒருவரிடம் கொடுக்கப்படும் சாவி என்பதை அது உணர்த்துகிறது.

தேவையா, இல்லையா?

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, புதுப்பிப்புகள் தவறாமல் வந்துகொண்டிருக்கும் விண்டோஸ் கணினிக்கு, எப்போதும் இயங்கும் தனி உளவுத் தடுப்பு மென்பொருள் பெரும்பாலான வீடுகளில் தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் முடிபு. உடன்வரும் டிஃபென்டர், தனித்தேர்வு நிறுவனங்களின் சோதனைகளில் விலைக்கு விற்கும் மென்பொருள்களோடு சமமாக நிற்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆப்பிள் கணினிகளிலும் ‘எக்ஸ்புரொடெக்ட்’ என்னும் காவல் 2009 முதல் உள்ளேயே அமைந்துள்ளது. கணினி வாங்கும்போது சில மாதங்களுக்கு இலவசமாகச் சேர்த்துத் தரப்படும் தடுப்பு மென்பொருள், காலம் முடிந்ததும் பணம் கேட்டு நச்சரிக்கும். அப்போது அஞ்சிப் பணம் கட்ட வேண்டியதில்லை. அதை முறையாக நீக்கிவிட்டால் டிஃபென்டர் தானே பணிக்குத் திரும்பும். நீக்காமல் காலாவதியான நிலையில் விட்டுவைத்தல்தான் தவறு.

காவல் வேண்டா என்று இதற்குப் பொருளில்லை. உடன்வந்த காவலன் விழித்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும். விளையாட்டு ஒன்றை நிறுவும்போது, ‘சற்று நேரம் பாதுகாப்பை நிறுத்தி வையுங்கள்’ என்று அதன் குறிப்பில் எழுதப்பட்டிருந்தால் அந்த விளையாட்டே ஒற்றன் என்று கொள்ளலாம். ‘தேவையற்றதாக இருக்கக்கூடிய செயலிகளைத் தடு’ என்னும் அமைப்பு விண்டோஸ் பாதுகாப்புப் பகுதியில் உள்ளது. பழைய விளம்பர நிரல்களின் வழிவந்தவற்றைத் தடுப்பது அதுவே. அது இயக்கத்தில் உள்ளதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. வீட்டில் அனைவரும் பயன்படுத்தும் கணினியில், அன்றாட வேலைக்கு நிருவாகி அதிகாரம் இல்லாத எளிய கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டால், தவறான ஒரு சொடுக்கின் தீங்கு பேரளவு குறையும். இம்மூன்றுக்கும் காசு செலவில்லை.

ஐயம் எழும்போது மட்டும் இரண்டாம் கருத்துக் கேட்கலாம். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்து ஏற்க வேண்டும் என்று ஒற்றாடல் அதிகாரம் கூறுகிறது. அதே முறையில், எப்போதும் இயங்காமல், நாம் கேட்கும்போது மட்டும் சோதித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை அதன் உண்மையான வலைத்தளத்திலிருந்து பெற்று இயக்கிப் பார்க்கலாம். ‘மால்வேர்பைட்ஸ்’ போன்றவற்றின் இலவசப் பதிப்பு இப்பணிக்கு ஏற்றது. இரண்டு காவலரை ஒரே வாயிலில் எந்நேரமும் நிறுத்துவது வேறு. ஒருவர் பணியிலிருக்க மற்றவரை அழைத்துக் கேட்பது வேறு. முன்னதில் இருவரும் ஒருவரையொருவர் ஐயுற்று மோதுவர், கணினியும் தள்ளாடும்.

விதிவிலக்குகளும் உள்ளன. விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் நிறைவுற்றன. இத்தகைய பழைய கணினிகளில் என்ன தடுப்பு மென்பொருளை நிறுவினாலும் இடிந்த சுவருக்குப் பூட்டுப் போட்டது போலத்தான். தடுப்பு மென்பொருளுக்குச் செலவிடும் பணத்தை இயங்குதளத்தை மாற்றுவதற்குச் செலவிடலாம்; அல்லது பழைய கணினிகளிலும் இயங்கும் லினக்ஸை இலவசமாகவே நிறுவிக்கொள்ளலாம்.

தெரிந்து தெளிவோம்

இந்திய அரசின் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு, ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ என்னும் மையத்தை 2017 பிப்ரவரியில் தொடங்கியது. கணினியில் புகுந்த தீய நிரல்களைக் கண்டறிந்து நீக்கும் கருவிகளை இம்மையத்தின் வலைத்தளத்திலிருந்து கட்டணமின்றிப் பெறலாம்.

அறிந்தவர் வைக்கும் ஒற்று

எந்தத் தடுப்பு மென்பொருளும் எளிதில் தீர்க்க இயலாத ஒரு வகை உண்டு. அதைப் பேசாமல் இத்தலைப்பை முடிக்க இயலாது. கணினியைத் தொட உரிமையுள்ள ஒருவரே உளவு மென்பொருளை நிறுவுவதே அது.

அமெரிக்காவில், தவணை முறையில் வாடகைக்கு விடப்பட்ட கணினிகளில் டிசைனர்வேர் என்னும் நிறுவனத்தின் மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. தவணை தவறினால் கணினியைக் கண்டுபிடிப்பதற்காக என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் அது விசை அழுத்தங்களைப் பதிந்தது, திரையைப் படமெடுத்தது, கணினியின் கேமராவை இயக்கி வீட்டுக்குள் இருந்தோரையும் குழந்தைகளையும் படம் பிடித்தது. 2012இல் அந்நிறுவனத்தின் மீதும் ஏழு வாடகை நிறுவனங்களின் மீதும் வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில், களவு போனால் கண்டறிவதற்கென வைத்த மென்பொருள் மாணவர்களின் அறைகளை அவர்கள் அறியாமல் படமெடுத்தது தெரியவந்தது. பல்லாயிரம் படங்கள் சேர்ந்திருந்தன. 6,10,000 டாலர் கொடுத்து வழக்குகள் தீர்க்கப்பட்டன.

இவ்வகை மென்பொருள்கள் ‘பெற்றோர் கண்காணிப்பு’, ‘பணியாளர் மேற்பார்வை’ என்ற பெயர்களில் வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன. நிறுவியவர் கணினியின் நிருவாகியாக இருந்தால், ‘இதை விட்டுவிடு’ என்று தடுப்பு மென்பொருளுக்கே ஆணையிட்டுவிடலாம். கணவர் மனைவியையும், அண்ணன் தங்கையையும், பணியளிப்பவர் பணியாளரின் வீட்டையும் இவ்வாறு நோக்குவது அக்கறை என்ற பெயரால் நடைபெறுகிறது. கணினியின் உரிமையாளர் வேறொருவரே எனினும், அதனைப் பயன்படுத்துவோரின் தனிமை அவரது உடைமை ஆகிவிடாது. பிறர் கணினியில் இசைவின்றித் தரவுகளை எடுப்பதையும் தீய நிரலைப் புகுத்துவதையும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு தடுக்கிறது. நேர்மையற்ற நோக்குடன் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டுகள் வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தாம் கண்காணிக்கப்படுவதாக ஐயுறுபவர் அந்தக் கணினியிலேயே அதற்கான தீர்வைத் தேடக் கூடாது. தேடியதும் கண்காணிப்பவருக்குத் தெரிந்துவிடும். நம்பத்தகுந்த வேறொருவரின் கணினியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

ஒற்றன் புகுந்துவிட்டான் எனில்

ஐயம் உறுதிப்பட்டால் முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். திரட்டிய தகவல் வெளியேறும் வழி அதுவே. அடுத்து, பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், பிறகு வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். மின்னஞ்சல் ஏன் முதலில்? பிற கணக்குகள் பெரும்பாலானவற்றின் கடவுச்சொற்களை மீட்கும் வழி மின்னஞ்சல்தான். கடவுச்சொல்லை மாற்றியதோடு நின்றுவிடாமல், ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்னும் தெரிவையும் அழுத்த வேண்டும். அப்போதுதான் திருடப்பட்ட குக்கிச் சீட்டு செல்லாததாகும். பலரும் விட்டுவிடும் படி இது. அதன்பின் முழுச் சோதனை நடத்தலாம். ஆழமாக வேரூன்றியதெனத் தோன்றினால், தேவையான ஆவணங்களையும் படங்களையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே உறுதியான வழி. பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் தேசிய இணையக்குற்ற உதவி எண்ணைத் தாமதமின்றி அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், முதல் சில மணி நேரத்திற்குள் அளிக்கப்படும் புகாரின் பேரிலேயே அதை இடையில் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு மிகுதி.